கலைச்சொல் வேண்டும்: நீச்சல் குளத் தரைக்குள் பதிக்கும் துப்புரவு அமைப்பு

வில்லியனூரிலிருந்து:

கலைச்சொல் மடற்குழும அன்பர்களுக்கு வணக்கம். புதுச்சேரியை ஒட்டிய காலாப்பட்டு, பொம்மையார்பாளையம் பக்கம் வீட்டோடு நீச்சல் குளம் கட்டுகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்தான் நிற்கிறது: இன்-ஃப்ளோர் கிளீனிங் சிஸ்டம்.

பொருள் இதுதான். குளத்தின் தரையிலும் படிகளிலும் சிறு முனைகளைப் பதித்துவிடுகிறார்கள். பம்பு தள்ளும் நீரை ஒரு வால்வு பகுதி பகுதியாக மாற்றி விடுகிறது. தன் முறை வந்ததும் முனை தரையிலிருந்து எழும்பி நீரைப் பீய்ச்சும். அழுத்தம் விட்டதும் அமிழ்ந்துவிடும். அடுத்த முறை எழும்போது சற்றே வேறு திசை பார்க்கும். தரையில் படிந்த மண்ணும் தூசும் இப்படியே ஆழப்பக்க வடிகாலுக்குத் தள்ளப்படும். நான் போட்டிருப்பது "தரைப்பதி துப்புரவு அமைப்பு". சரியா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அம்மா, "தரைப்பதி" ஆகாது. பதி என்றால் ஊர், தலைவன். திருப்பதியும் தரைப்பதியும் ஒரே வார்ப்பில் காதில் விழும். வினைத்தொகையாகக் கொள்ள வேண்டுமானால் பதி முன்னே வரவேண்டும்.

துப்புரவையும் யோசியுங்கள். இன்று அது தூய்மை. வள்ளுவருக்கு அது நுகரும் பொருள்: 378-ஆம் குறளிலும் 1050-இலும் "துப்புரவில்லார்" என்றால் துய்க்க ஏதுமற்ற வறியவர். துய், துப்பு, துப்புரவு என்று வந்த கிளை அது. தூய்மைப் பொருள் அதிலிருந்து எப்படிக் கிளைத்தது என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

என் பரிந்துரை "அலகு", அதாவது துடைப்பம். திருநாவுக்கரசர் "புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு" என்கிறார். அவர் பிறந்த திருவாமூர் நம் கடலூர் மாவட்டம். கல்லோடு கடலில் தள்ளப்பட்டவர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூர். தரையைப் பெருக்கும் வேலைக்கு இதைவிட உரிமையுள்ள சொல் கடலூருக்கு ஏது? "தரையலகி" என்று வையுங்கள்.

பாகூரிலிருந்து:

ஐயா, அலகு பள்ளிப் பாடநூலில் அளவைக்குப் போய்விட்டது, மீட்க முடியாது. நீரைக்கொண்டே படிவை நகர்த்துவது நம்மவர் அறியாத வித்தையா? பாண்டிய நாட்டு ஏரிகளில் இன்றும் கற்றூண்களோடு நிற்கும் குமிழித்தூம்பை, ஏரிக்குள்ளிருந்து நீரைத் திறந்துவிடும் அந்த அமைப்பைப் பாருங்கள். மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. நீர் போகும் விசையிலேயே சேறும் போகும். "சேறோடி" என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. ஏரி ஏரியாகத் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறோமே, தூம்போடு இந்தச் சொல்லையும் மறந்ததால்தானே? புதிதாக எதையும் செய்ய வேண்டாம், எடுத்துக்கொண்டால் போதும்.

முதலியார்பேட்டையிலிருந்து:

நான் குளம் கட்டித்தரும் தொழிலில் இருப்பவன். இலக்கணம் சொல்ல வரவில்லை. வாங்குகிறவருக்கு இந்தச் சொல் என்ன சொல்லவேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சேறோடி அழகான சொல், ஐயா. ஆனால் ஏரிச் சேறு வயலுக்குப் போகிறது. இங்கே அழுக்கு வடிகால் வழியாக வடிகட்டிக்குப் போய், நீர் திரும்பவும் குளத்துக்கே வருகிறது. "சுத்திகரிப்பு" என்று யாரேனும் எழுதினால் அதையும் தடுப்பேன். அது வடிகட்டிக்கும் குளோரினுக்கும் உரிய சொல். இந்த முனைகள் நீரைச் சுத்திகரிப்பதில்லை, தரையிலுள்ள அழுக்கைத் தள்ளிவிடுகின்றன. சுவரையும் நீர்மட்டக் கோட்டையும் இது இருந்தாலும் கையால்தான் தேய்க்க வேண்டும். இதை அறியாமல் வைத்தவர்கள் பிறகு வருந்துகிறார்கள். தளத்தில் "ஃப்ளோர் கிளீனர்" என்று சொல்லிப் பாருங்கள், கடையில் விற்கும் தரை துடைக்கும் திரவப் புட்டியைத்தான் நினைப்பார்கள்.

இரண்டாவது, குழாய்கள் காங்கிரீட்டுக்குள் போகின்றன. கட்டும்போதே முடிவெடுக்க வேண்டும். பிறகு வேண்டுமென்றால் தரையை உடைக்க வேண்டும். ரோபோ கிளீனர் பழுதானால் வெளியே தூக்கிச் சரிசெய்யலாம், சுவரும் ஏறும். இதில் முனையை மட்டும் நீண்ட கோலின் நுனியில் மாட்டிய கருவியால் நீருக்குள்ளேயே கழற்றி மாற்றலாம்; குழாயில் கசிவு வந்தால் பெரிய வேலை. நம் கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலே நிற்கிற மழைக்காலத்தில் குளத்தை வெறுமையாக்கவும் அஞ்ச வேண்டும்; கீழிருந்து வரும் அழுத்தம் தொட்டியையே தூக்கிவிடும்.

நன்மையும் உண்டு. மருந்திட்ட நீர் அடியிலிருந்து வருவதால் குளம் முழுக்க நன்றாகக் கலக்கும். இழுபடும் குழல் கிடையாது. ஆனால் முனை எழ நல்ல நீரோட்டம் வேண்டும். வேகம் மாற்றும் பம்பை மெதுவாக ஓட்டி மின்சாரம் மிச்சப்படுத்துகிறவர் துப்புரவு நேரத்தில் வேகத்தைக் கூட்டியாக வேண்டும். 2011 தானே புயலைப் போல ஒன்று அடித்து மின்சாரம் இல்லாமல் குளம் கிடந்தால், மணலும் சவுக்கு இலையும் முனை அமரும் குழியில் இறுகிவிடும். சவுக்குத் தோப்பை ஒட்டிய மனைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

எழும்பும் முனைக்கு "எழுமுனை" என்று சொல்லலாமா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

எழுமுனை! எழுந்த, எழுகின்ற, எழும் முனை. முக்காலமும் அடங்கிய நல்ல வினைத்தொகை. முனைக்கு இதை ஏற்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

இவ்வளவு பாடு எதற்கு? இன்-ஃப்ளோர் என்றே தமிழெழுத்தில் போடுங்கள். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று, வழக்கில் வந்துவிட்ட சொல்லை விலக்க வேண்டாமெனத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார்.

பாகூரிலிருந்து:

காலத்தில் பட்ட சொல்லுக்குத்தான் அந்த நூற்பா. நேற்று விற்பனைத் தாளில் வந்த சொல் இன்னும் காலத்தில் படவில்லை.

வில்லியனூரிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லை. முனைக்கு "எழுமுனை", மொத்த அமைப்புக்கு "எழுமுனைத் தரைத் துப்புரவு" என்று முடிக்கிறேன். பெரும்பான்மை இதற்கே தலையசைத்திருக்கிறது. கட்டும்போதே பதிக்க வேண்டியது, சுவரைத் தொடாதது என்ற இரண்டையும் தலைப்புக்குக் கீழேயே தடித்த எழுத்தில் சேர்க்கிறேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

முனைக்கு ஏற்றேன், அமைப்புக்கு ஏற்கவில்லை. அதே வீட்டுப் புல்வெளியில் நீர் தெளிக்கும் முனையும் மண்ணிலிருந்து எழும்பத்தானே செய்கிறது? தரைக்குள் புதைந்த குழாய்தான் இதன் இயல்பு; செலவும் ஆபத்தும் அங்கேதான் என்று குளம் கட்டும் முதலியார்பேட்டைத் தம்பியே எழுதியிருக்கிறார். அது பெயரில் இல்லை. "புதைகுழாய்த் துப்புரவு" என்பதை மாற்றுச் சொல்லாகக் குழுமப் பட்டியலில் பதிந்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.