புதுப்பிப்பு: வில்லாபுரம் வீட்டு அட்வான்ஸ் கணக்கு முடிந்தது

என் வில்லாபுரம் வீட்டைக் காலி செய்துபோன குடும்பத்தின் அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது நியாயம் என்று முன்பு கேட்டிருந்தேன். அழுக்கேறிய சுவர், கழன்ற கதவுக் கைப்பிடி, விரிசல் விட்ட வாஷ்பேசின்.

சுவருக்கு ஒரு பைசாவும் பிடிக்கவில்லை. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்த வீட்டில் சுவர் பளிச்சென்று இருக்குமா என்ன? கைப்பிடி, வாஷ்பேசின் ரிப்பேர் குடியிருப்பவர் பக்கம்.

பேசினில்தான் யோசனை. அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல். இரும்பு வாளி விழுந்ததை குடியிருந்த தங்கச்சியே சொன்னார். ஆனால் பேசின் எட்டு வருஷப் பழசு. இன்னும் எட்டு வருஷம் உழைத்திருக்கும். புதுசின் முழு விலையையும் வாங்கினால், என் பழைய பேசினுக்கு அவர் காசில் புதுசு வாங்கியதாகிவிடும். அதனால் விலையில் பாதி, பிளம்பர் கூலி, கைப்பிடி விலை, அவ்வளவுதான். கடை பில், போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, சட்டம் சொல்லும் ஒரு மாதத்துக்குள் மீதியைக் கொடுத்துவிட்டேன். “சரிண்ணே, சரியாத்தான் இருக்கு” என்றார்.

அப்புறம், அடுத்து வருபவரோடு சேர்ந்து வீட்டை வீடியோ எடுத்த பிறகுதான் சாவி கொடுக்கப் போகிறேன்.