மடக்கு கயாக்: மரச்சட்டமா, அலுமினியமா?

மியூனிக்கிலிருந்து:

மடக்கு கயாக் என்றால் உள்ளே சட்டம், மேலே உறை, இரண்டையும் பிரித்து மூட்டை கட்டிக்கொள்ளக்கூடிய துடுப்புப் படகு. என்னிடம் இருப்பது க்ளெப்பர் நிறுவனத்தின் பழைய ஏரியஸ், இரண்டு பேர் உட்காரும் படகு. நீளவாக்கில் போகும் கம்புகள் ஆஷ் மரம், குறுக்கு விலாக்கள் பிர்ச் ஒட்டுப்பலகை. இந்த ஊர் மாணவர் ஆல்ஃபிரெட் ஹாய்ரிஷ் 1905இல் செய்த மடக்குப் படகின் உரிமையை 1907இல் வாங்கியவர், ரோசன்ஹைம் நகரத் தையற்காரர் க்ளெப்பர். உறை தைக்கும் வேலை தையற்காரர் கைக்குப் போனதில் ஆச்சரியமில்லை!

பூட்டும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சட்டத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாக உறைக்குள் தள்ள வேண்டும். நடுவில் இரண்டும் முகடாக எழும்பி நிற்கும். அதைக் கீழே அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், உறையும் விறைக்கும். அப்புறம் இரு பக்கக் காற்றுக் குழாய்களையும் ஊதினால் மிச்சச் சுருக்கமும் போய்விடும்.

கீம்சே ஏரியில் பக்கவாட்டில் அலை அடித்தால் விலாவும் கம்பும் கவ்வும் இடங்கள் லேசாக அசைவது காலுக்குத் தெரியும். புதிதாக ஏறுபவர்கள் பயந்துபோகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, அந்த நெகிழ்வு வேண்டும். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களும் கயாக் சட்டத்தை ஆணியடித்து இறுக்காமல் வாரால்தான் கட்டினார்கள். 1956இல் ஜெர்மன் மருத்துவர் ஹான்னெஸ் லிண்டெமான் அட்லாண்டிக்கைத் தனியாக 72 நாளில் கடந்ததும் ஏரியஸில்தான். படகில் பாய்மரமும் கட்டியிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மரத்துக்குப் பராமரிப்பு உண்டு. ஒட்டுப்பலகையின் விளிம்பில் வார்னிஷ் உரிந்தால் தண்ணீர் இறங்கிக் கறுத்துவிடும். குளிர்காலத்தில் உப்புத்தாளும் தூரிகையுமாக உட்கார வேண்டியதுதான்.

வான்கூவரிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு ஏரி, எங்களுக்குக் கடல். நான் செகண்ட்ஹேண்டில் வாங்கியது அலுமினியக் குழாய்ச் சட்டம், விலாக்கள் பிளாஸ்டிக். எடை குறைவு, வார்னிஷ் வேலை இல்லை என்று சந்தோஷமாகத்தான் வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடக்கின்றன. முன்பு வைத்திருந்தவர் உப்புநீரைக் கழுவாமலே மூட்டை கட்டியிருக்கிறார். இணைப்பைச் சுற்றி வெள்ளைப் பொடி. வெந்நீர் ஊற்றி, ரப்பர் கையுறை போட்டு, ஆளுக்கொரு முனையாக நானும் மனைவியும் பிடித்து முறுக்க, ஒன்று வந்தது. மற்றது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அலுமினியத்துக்கு அரிப்பைத் தடுக்கும் ஆனோடைஸ் பூச்சு இருந்தாலும், எஃகு ரிவெட் ஆணி தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்போது கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, இணைப்புகளில் கொஞ்சம் கிரீஸ் தடவுகிறேன். வளைந்த குழாயை நிமிர்த்தினால் அந்த இடம் பலவீனமாகிவிடும். உடைந்த மரக்கம்பை எபாக்ஸிப் பசை தடவிக் கட்டியாவது கரை சேரலாம். அதில் உங்கள் கட்சிதான் நான்.

டொரொன்டோவிலிருந்து:

என்னுடையது ஓரு நிறுவனத்தின் மடக்கு கயாக். சட்டமே கிடையாது! பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் அட்டையின் மடிப்புகளே விறைப்பைத் தருகின்றன. அமைதியான ஏரிக்கு இது போதும். காற்று பலமாக இருந்தால் நான் தண்ணீரில் படகை இறக்குவதில்லை. அண்ணா சொன்ன நெகிழ்வு இதில் வேறு மாதிரி, பக்கத் தகடு உள்வாங்கி வெளிவரும். அலை பெரிதானால் அது எப்படித் தாங்கும்? யாராவது ஓருவைக் கடலில் ஓட்டியிருந்தால் எழுதுங்களேன்.