புதுப்பிப்பு: டேர்டெவிலிடம் திரும்பிய கதை

ஒரே கதையை முடிக்க நான்கு வேறு தொடர்களையும் வாங்க வேண்டியிருந்த சலிப்பில், மார்வெல் நிறுவனத்தின் சூப்பர்ஹீரோத் தொடரான டேர்டெவில் காமிக்ஸைக் கைவிட்டுவிட்டதாகவும், மீண்டும் எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சில மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். விட்ட இடத்தைத் தேடாமல், கதாசிரியர் மாறிய இடத்திலிருந்து தொடங்குமாறு ஒரு நண்பர் சொன்னதைத்தான் கடைசியில் பின்பற்றினேன்.

1964-இல் தொடங்கிய இத்தொடரில் ஃபிராங்க் மில்லர் 158-ஆம் இதழில் ஓவியராக நுழைந்து, 168-ஆம் இதழில் எழுத்தையும் ஏற்றுக்கொண்டார்; நாயகனின் முன்னாள் காதலி எலெக்ட்ரா அறிமுகமாவதும் அதே இதழில்தான். அங்கிருந்து 181 வரை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அந்த 181-ஆம் இதழின் தொடக்கத்தில் கதையைச் சொல்வது நாயகன் அல்ல, சிறையில் கிடக்கும் வில்லன் புல்ஸ்ஐ. எலெக்ட்ராவை அவளுடைய ஆயுதத்தாலேயே அவன் குத்திய பிறகு, அவள் தவழ்ந்து மாட் மர்டாக்கின் (டேர்டெவிலின் இயற்பெயர்) வாசலை அடையும் கட்டங்களை நான் மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். அவள் பின்னாளில் உயிரோடு திரும்புவாள் என்பது முன்பே தெரிந்திருந்தும் (இந்த வகைக் கதைகளில் சாவு என்பது பெரும்பாலும் நீண்ட விடுப்புதான்) அந்தப் பக்கங்களின் கனம் குறையவில்லை.

எல்லாமே பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்கதையை இதழுக்கு இதழ் வசனத்தில் ஒப்பிக்கும் அக்கால வழக்கம் தொடர்ந்து படிக்கும்போது அலுப்பூட்டுகிறது. புதிய இதழ்களுக்கு இன்னும் சந்தா கட்டவில்லை, அடுத்து 182-ஐ எடுத்து வைத்திருக்கிறேன்.