‘கட்டுப்பாட்டு நம்பிக்கை’ வேண்டாம், ‘தன்வய எண்ணம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தன் வாழ்வில் நடப்பது எவ்வளவு தூரம் தன் கையில் இருக்கிறது என்று ஒருவர் எண்ணுவதை உளவியலில் ‘பெர்சீவ்ட் கண்ட்ரோல்’ என்பார்கள். நம் முதுமை உளவியல் கலைச்சொற்பட்டியலில் இதற்குக் ‘கட்டுப்பாட்டு நம்பிக்கை’ என்று குறித்திருக்கிறோம். இரண்டு சொல்லுமே இடறுகின்றன. உடல்நலப் பேச்சில் கட்டுப்பாடு என்றதும் பத்தியமும் தடையும்தான் மனத்தில் எழும். 70 வயதுக்காரரிடம் ‘உங்களுக்குக் கட்டுப்பாடு அதிகமா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஆமாம், எதற்குமே விடமாட்டேன் என்கிறார்கள்’ என்பார். நாம் கேட்க வந்ததற்கு நேர் எதிரான விடை. ‘நம்பிக்கை’ என்றால் நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொள்கிறது. ‘வயதானால் மறதி வந்தே தீரும்’ என்று ஒருவர் நினைப்பதையும் இந்த ஆய்வுகள் அளக்கின்றன. அதை நம்பிக்கை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பேச்சுவழக்கில் ‘அது என் கையில் இருக்கிறது’, ‘என் கையில் என்ன இருக்கிறது’ என்கிறோமே, கருத்து முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. 1976இல் உளவியலாளர்கள் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தளத்தில் இருந்தவர்கள் தங்களுக்கான செடியைத் தாங்களே தேர்ந்து வளர்த்தார்கள். இன்னொரு தளத்தாருக்கும் செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றியது மட்டும் செவிலியர். முன்னவர்களே சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம் சொல் எதைத் தொட வேண்டும் என்பதை அந்தத் தண்ணீர்க் குவளை காட்டிவிடுகிறது.

நினைவாற்றலில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். உளவியலாளர் மார்ஜி லாக்மன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது இதைத்தான். மறதி தன் கையில் இல்லை என்று எண்ணுகிறவர், ஒரு சொற்பட்டியலைக் கொடுத்தால் அதை இனம் பிரித்து மனத்தில் இருத்தப் பெரிதாக முயல்வதில்லை. முயலாததால் மறக்கிறார், மறந்ததும் ‘பார்த்தாயா’ என்று அதே எண்ணம் இறுகுகிறது. நடைப்பயிற்சிக்கும் இது பொருந்தும். மறுபக்கம், நோய் வந்தாலும் அந்த எண்ணம் தளரும். காரணம் இரு திசையிலும் ஓடுவதால், நோயுற்றவர்மேல் பழி போடாத சொல்லாக நம் சொல் இருக்க வேண்டும். ‘மனவுறுதி’ என்று வைக்கலாமே என்பதை நான் ஏற்காததும் இதனால்தான்.

என் பரிந்துரை: தன்வய எண்ணம். ‘என் கையில் இல்லை’ என்ற எதிர்ப்பக்கத்துக்குப் பிறவயம். ‘அகவயம், புறவயம்’ என்று வைத்தால், ஏற்கெனவே வேறு பொருளில் வேரூன்றிவிட்ட இணையோடு மோதும். இறைவனின் எண்குணங்களில் ஒன்றாகப் பரிமேலழகர் சொல்லும் ‘தன்வயத்தனாதல்’ பலருக்கு நினைவு வரும். அந்த முழுத் தன்வயம் மனிதருக்கு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதனால்தான் ‘எண்ணம்’ என்ற ஒட்டை விட மனமில்லை. இங்கே அளக்கப்படுவது ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பது மட்டுமே.

சுருக்கம் கருதி ‘நினைவுத் தன்வயம்’ என்று யாரேனும் எழுதினால் அது நினைவாற்றலையே குறிப்பதாகிவிடும். ‘நினைவு குறித்த தன்வய எண்ணம்’ நீளம்தான். பொருள் கெடாமல் இதைக் குறுக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.