ஜார் மெழுகுவத்தி நடுவில் மட்டும் குழியாகிறது: மாற்ற வேண்டியது மெழுகா, திரியா?

திருச்சிமலர்:
வணக்கம். தீபாவளிக்குச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று கண்ணாடி ஜாரில் வாசனை மெழுகுவத்தி செய்து பார்க்கிறேன். ஜார் நேர்ச் சுவர் உள்ளது, உள்விட்டம் 7 செ.மீ. ஒவ்வொன்றிலும் 180 கிராம் சோயா வாக்ஸ், அதாவது சோயா எண்ணெயிலிருந்து செய்யும் மெழுகு. திரி, அடியில் தகடு வைத்து மெழுகு பூசி விற்கிறார்களே, அந்தப் பருத்தித் திரி. பாக்கெட்டில் நீளம் 15 செ.மீ. என்று மட்டும் போட்டிருக்கிறது, எண் எதுவும் இல்லை.

இரண்டு மணி நேரம் எரியவிட்டு அணைத்தால் நடுவில் மட்டும்தான் உருகியிருக்கிறது. சுற்றிலும் ஒன்றரை செ.மீ. மெழுகு அப்படியே நிற்கிறது. மறுநாள் ஏற்றினால் அதே பள்ளத்துக்குள் சுடர் இறங்கி, உருகிய மெழுகிலேயே மூழ்கி அணைந்துவிடுகிறது.

கடையில் 58-60 டிகிரியில் உருகும் பாரஃபின் மெழுகுக் கட்டி கிடைத்தது. அதில் இதே திரியைப் போட்டால் எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் ஆறியதும் கண்ணாடியை விட்டு விலகி, திரியைச் சுற்றிக் குழி விழுகிறது. பேசாமல் சோயாவை விட்டுவிட்டு பாரஃபினுக்கே போய்விடவா?

அடுப்பங்கரை:
மெழுகை மாற்றுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். முதல் தடவை ஏற்றும்போது ஜார் விட்டத்தில் ஒவ்வொரு இரண்டரை செ.மீ.க்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரிய வேண்டும். உங்கள் ஜாருக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். இரண்டிலேயே அணைத்தால் ஓரம் உருக நேரமே இல்லை, அடுத்த தடவையும் அந்தப் பள்ளத்தைத்தான் பிடித்துக்கொண்டு போகும். புது ஜார் ஒன்றை ஏற்றி மூன்றரை மணி நேரம் விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான்கு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், பக்கத்திலேயே இருங்கள்.

வேலூரான்:
எதற்கு இவ்வளவு யோசனை? இரண்டு திரி வையுங்கள், முடிந்தது வேலை.

மெழுகுப்பித்தன்:
வேலூரான் அண்ணா, 7 செ.மீ. ஜாரில் இரண்டு சுடர் வேண்டாம். இரண்டும் சுவருக்கு நெருக்கமாகப் போய்விடும், கண்ணாடி சூடேறி விரிசல் விட்டால் ஆபத்து. உள்விட்டம் 9 செ.மீ.க்கு மேல் போனால் இரட்டைத் திரியைப் பற்றி யோசிக்கலாம்.

மலர், உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. ஒரே திரி பாரஃபினில் பரவாயில்லை, சோயாவில் தோற்கிறது. எரிவது பெரும்பாலும் மெழுகுதான். உருகிய மெழுகைத் திரி மேலே உறிஞ்சிக் கொடுக்க, அது ஆவியாகி எரிகிறது. சோயா உருகினாலும் பாரஃபினைவிடக் கொஞ்சம் கெட்டி, திரியில் மெதுவாகத்தான் ஏறும். அதனால் அதே ஜாருக்கு சோயாவில் பெரும்பாலும் ஓரிரு அளவு பெரிய திரி கேட்கும்.

அந்த 58-60 கட்டி அச்சில் ஊற்றும் வத்திக்குத் தோதானது. ஆறும்போது நன்றாகச் சுருங்கும். அச்சிலிருந்து கழன்று வர அதுதான் வசதி, ஜாருக்கு அதுவே வம்பு. குழியில் இரண்டாவது தடவை ஊற்றிச் சமாளிக்கலாம், ஆனால் விலகல் போகாது. பாரஃபின்தான் வேண்டுமென்றால் ஜாருக்கென்றே விற்கும், இன்னும் தாழ்ந்த சூட்டில் உருகும் வகையைக் கேளுங்கள்.

எண் போடாத திரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த அளவு எது என்றே தெரியாதே! சிடி (CD), ஈகோ (ECO) என்று எண் போட்டு விற்கும் திரி வரிசைகளில் எண் ஏற ஏறத் திரி பெரிதாகும். உங்கள் ஜாருக்கு சிடி 10-இல் தொடங்கலாம், கூடவே 8, 12 இரண்டையும் வாங்கி வையுங்கள். வாசனை எண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்?

திருச்சிமலர்:
அடுப்பங்கரை அக்கா சொன்னபடி மூன்றரை மணி நேரம் விட்டேன். ஓரத்தில் முக்கால் செ.மீ. இன்னும் நிற்கிறது, சுடரும் சின்னதாகத்தான் இருக்கிறது. எண்ணெயைப் பாட்டில் மூடியால் அளந்து ஊற்றுகிறேன். நீங்கள் கேட்டதும் தராசில் வைத்துப் பார்த்தேன், 22 கிராம் வருகிறது.

மெழுகுப்பித்தன்:
180-க்கு 22 என்றால் 12 சதவீதத்துக்கு மேல். சோயா பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம்தான் தாங்கும். மீதி கலக்காமல் மேலே முத்து முத்தாக வேர்த்து நிற்கும், திரியையும் அடைக்கும். 8 சதவீதம் என்று வையுங்கள், 14.4 கிராம். மெழுகு விற்றவர் வேறு அளவு சொன்னால் அதையே பிடியுங்கள்.

மெழுகு 80-85 டிகிரியில் இருக்கும்போது எண்ணெயை விட்டு, அவசரப்படாமல் இரண்டு நிமிடம் கிளறுங்கள். 60 டிகிரி பக்கம் இறங்கியதும் ஜாரில் ஊற்றலாம். சோயாவுக்கு மூடிவைத்து இரண்டு வாரம் கொடுத்தால்தான் வாசனை சரியாக வரும். மறுநாளே ஏற்றிப் பார்த்துவிட்டு வாசனை இல்லை என்று இன்னும் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. எண்ணெய் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கப்புறம் திரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

பாளைக்காரி:
நடுவில் ஒரு சந்தேகம். பூஜைக்கு வாங்கும் விளக்குத் திரியையே போட்டால் என்ன? கலருக்கு கிரயான் போடலாமா?

அடுப்பங்கரை:
இரண்டும் வேண்டாம் அம்மா. விளக்குத் திரி லேசாக முறுக்கியது, நீர்த்த எண்ணெய்க்குச் சரி. வத்தித் திரி பின்னியது. எரிய எரிய நுனி வளைந்து சுடரின் வெளிப்பக்கத்துக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். 1825-இல் கம்பசெரே என்ற பிரெஞ்சுக்காரர் பின்னல் திரியைக் கொண்டுவரும் வரை, எரியும் வத்தியின் கரித்திரியை ஆள் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்களாம்! கிரயானில் உள்ள நிறத்தூள் கரையாது, திரியைத்தான் அடைக்கும். மெழுகுக்கென்றே விற்கும் சாயம் வாங்குங்கள்.

திருச்சிமலர்:
8 சதவீதத்தில் ஊற்றி, ஆறவைத்து, மூன்று திரிகளையும் ஏற்றிப் பார்த்தேன். 8-இல் கொஞ்சம் ஓரம் நிற்கிறது. 10-இல் மூன்று மணி நேரத்தில் சுவர் வரை உருகியது, ஆழம் ஒரு செ.மீ. இருக்கும். 12-இல் சுடர் உயரமாக ஆடுகிறது, திரி நுனியில் காளான் போலக் கரி, ஜார் வாயில் கறுப்பு.

மெழுகுப்பித்தன்:
அப்படியென்றால் 10-தான். 12 இந்த ஜாருக்கு அதிகம். சோயா புகையாது என்று சொல்வதை நம்பாதீர்கள், திரி பெரிதானால் எந்த மெழுகும் கரி கக்கும். ஒவ்வொரு தடவை ஏற்றும்முன் திரியை அரை செ.மீ. விட்டு வெட்டச் சொல்லிப் பரிசோடு ஒரு சீட்டு வையுங்கள். அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும் என்பதையும் எழுதுங்கள், அதற்குக் கீழே போனால் ஜாரின் அடிப்பாகம் சுட்டுவிடும். ஜார், மெழுகு, எண்ணெய் மூன்றில் எதை மாற்றினாலும் திரியை மறுபடி ஏற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

வேலூரான்:
ஒத்துக்கொள்கிறேன் தம்பி. மலர், பார்சல் அனுப்புகிறீர்களா? சித்திரை வெயிலில் லாரிக்குள் சோயா குழைந்துவிடும். ஐப்பசி என்பதால் பிழைத்தீர்கள். கோடையில் விற்கும் எண்ணம் இருந்தால் சோயாவும் பாரஃபினும் கலந்த ஜார் மெழுகைப் பாருங்கள்.

திருச்சிமலர்:
எல்லாம் நேரில் கொடுப்பதுதான் அண்ணா. கடைசியாக ஒன்று: சிவப்புச் சாயம் போட்ட ஜாரில் மட்டும் பூஞ்சை பிடித்தாற்போல வெள்ளை படர்ந்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

அடுப்பங்கரை:
இல்லை, சோயா இறுகும்போது படிகமாவது அது. எரிவதற்கும் வாசனைக்கும் ஒன்றும் ஆகாது. மேற்பரப்பில் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) லேசாகக் காட்டினால் மறையும், சில நாளில் திரும்பவும் வரலாம். சாயமே போடாமல் வெள்ளையாக விடுங்கள், படர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.