பவுசருக்குக் காசு இருக்கிறது, பைப் பார்க்க ஆள் இல்லை

குழு: மேல்வீதி குடும்பங்கள்

செல்வி அக்கா, காலை 6.10
பீலிக் குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. ராத்திரி 11 மணிக்கு வந்து அரை மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. தண்ணீர் பவுசர் லொறி இன்றைக்கு வருமா, யாருக்காவது தெரியுமா?

குமார், 6.14
வியாழன்தான் அக்கா. எங்களிடம் இரண்டு கேன் நிறைய இருக்கிறது, பாட்டிக்கு ஒன்று கொண்டு வருகிறேன்.

தியாகு மாமா, 6.31
நேற்று பிரதேச சபைக் கூட்டத்தில் பார்வையாளராகப் போய் உட்கார்ந்திருந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். தண்ணீர்ப் பகுதியில் அமைய அடிப்படையில், அதாவது நிரந்தரமில்லாமல், வேலை செய்த நாலு பேரில் இரண்டு பேரை அடுத்த மாதத்தோடு நிறுத்தப் போகிறார்கள். மேல் டேங்கில் வால்வு திறந்து மூடுகிறாரே, அந்த அண்ணனும் அதில் ஒருவர். அப்புறம் அதே கூட்டத்திலேயே வரட்சி வேலை என்று பவுசர் வாடகைக்குப் பணம் கூட்டியிருக்கிறார்கள்.

செல்வி அக்கா, 6.33
அந்த அண்ணனையா? எந்த வால்வு எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறது என்று அவர் ஒருவருக்குத்தானே தெரியும். வரைபடம்கூட கிடையாதே.

ரவி, 6.40
மாமா, கோபிக்காதீர்கள். வீட்டுக்கு நாங்கள் கட்டுகிற சோலை வரி முழுக்கச் சம்பளத்துக்கே போனால் ரோடு எப்போது போடுவது? ஆட்களைக் குறைக்கத்தானே வேண்டும்.

தியாகு மாமா, 6.52
கேட்க வேண்டிய கேள்விதான் ரவி. ஆனால் நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதி அரசாங்கத்திலிருந்து வருகிறது, அமைய ஊழியர்களுக்குத்தான் சபை தன் சொந்த வருமானத்தில், அதாவது வரி, கடை வாடகை, தண்ணீர் பில் என்று சேர்கிற காசில் கொடுக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியோடு புது ஆட்சேர்ப்பையும் நிறுத்தினார்கள், அதனால் ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்தையெல்லாம் இந்த அமைய ஆட்களை வைத்துத்தான் சமாளித்தார்கள். இப்போது தண்ணீர் குறைந்ததால் மீற்றரும் குறைவாகத்தான் ஓடுகிறது, பில் வருமானமும் விழுந்துவிட்டது. எங்கே வெட்டலாம் என்று பார்த்து, கேட்க ஆள் இல்லாதவர்கள் மேல் கை வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் வயிறு எரிகிறது.

குமார், 7.05
நான் ஒன்று சொல்கிறேன். கோயிலுக்குக் கீழே ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற போக்கு பக்கத்தில் பெரிய பைப் உடைந்து ஒழுகுகிறது இல்லையா, ஞாயிற்றுக்கிழமை அங்கே வாளி வைத்துப் பார்த்தேன். 20 லீற்றர் வாளி இரண்டே நிமிடத்தில் நிரம்பியது. நிமிடத்துக்கு 10 லீற்றர், ஒரு நாளைக்கு 14,400 லீற்றர். பவுசர் ஒரு தடவைக்கு 6,000 லீற்றர், கிழமைக்கு இரண்டு தடவை. பவுசர் ஒரு கிழமையில் கொண்டு வருவதைவிட அதிகமாக அந்த ஓட்டையில் ஒரே நாளில் போகிறது.

ரவி, 7.08
அவ்வளவா? சரி, இது எனக்குத் தெரியாது. அந்த பைப்பை ஏன் இன்னும் கட்டவில்லை?

குமார், 7.09
போன மாதமே சொன்னேன். ஆள் இல்லை என்றார்கள்.

புஷ்பா, மேல் லயம், 7.20
தோட்டத்து லய வீடுகளில் எங்களுக்கு அந்த பைப்பும் இல்லை தம்பி. ஊற்றிலிருந்து ஹோஸ் போட்டு எடுக்கிறோம், மேலே மானாப் புல்லுக்கு யாரோ நெருப்பு வைத்ததில் ஹோஸ் பாதி உருகிப் போனது. காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, பின்னேரம் வந்து குடம் தூக்க வேண்டியிருக்கிறது. பவுசர் கேட்டால் சபையில் தோட்டம் எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தியாகு மாமா, 7.27
அந்தப் பதிலை ஏற்காதே பிள்ளை. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டித்தான் அப்படித் தட்டிக் கழித்தார்கள், 2018இல் அதைத் திருத்தித் தோட்டங்களுக்கும் சபை நிதியைச் செலவிடலாம் என்று ஆக்கியாகிவிட்டது. ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வந்தவர்கள்தானே. கடிதத்தில் முதல் விஷயமாக மேல் லயத்தை எழுதுவோம்.

செல்வி அக்கா, 7.30
என்ன கடிதம்?

தியாகு மாமா, 7.41
ஒன்று தவிசாளருக்கும் செயலாளருக்கும்: அந்த இரண்டு பேரை மழை பிடிக்கும் வரைக்குமாவது நிறுத்தக் கூடாது, பவுசர் காசில் ஒரு பகுதியை எடுத்து ஒழுகுகிற இடங்களைக் கட்ட வேண்டும், எந்த ரோட்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று எழுதி ஒட்ட வேண்டும். இன்னொன்று தகவல் அலுவலருக்கு. 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பவுசர் வாடகை எவ்வளவு, எத்தனை தடவை ஓடியது, தண்ணீர்ப் பகுதியில் எத்தனை வெற்றிடம் என்று கேட்போம், 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும். மஸ்கெலியாவில் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் இறங்கினால் மூழ்கிப்போன பழைய ஊர்க் கோயில் வெளியே தெரிவதை எத்தனை வருடமாகப் பார்க்கிறோம், தை, மாசி, பங்குனி காயும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அப்படியிருக்க சபையின் பாதீடு, அதாவது வரவு செலவுத் திட்டம், போடும்போது மட்டும் அது எப்படி மறந்து போகிறது?

ரவி, 7.46
நானும் கையெழுத்துப் போடுகிறேன் மாமா. சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டும், அதை நான் எழுதித் தருகிறேன்.

புஷ்பா, மேல் லயம், 7.49
லயத்தில் கையெழுத்து நான் வாங்குகிறேன். ஐந்து மணிக்குப் பிறகுதான் எல்லாரும் இருப்பார்கள்.

குமார், 7.52
புஷ்பா அக்கா, என்னிடம் பழைய ஹோஸ் ஒரு சுருள் இருக்கிறது, பின்னேரம் கொண்டு வருகிறேன். மாமா, வாளி நிரம்புகிற வீடியோவை இப்போதே அனுப்புகிறேன், நேரமும் அதில் தெரிகிறது.

செல்வி அக்கா, 8.03
பீலியில் நூல் மாதிரி வருகிறது. கீழ் வீட்டுக்காரர்கள் குடத்தை வையுங்கள், சீக்கிரம்.