நோசிங்: படிமூக்கா, படிநெற்றியா?

வணக்கம் ஐயா,

படிக்கட்டின் பாகங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், 'நோசிங்' (nosing) என்பதற்குப் 'படிநெற்றி' போடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். நல்ல சொல். ஆனால் அதைத் தப்பான இடத்தில் வைக்கிறோமோ என்று தோன்றுகிறது. நெற்றி என்றால் நிமிர்ந்து நிற்கும் முகப்பு. படியில் அப்படி நிற்பது ரைசர் (riser). நோசிங் என்பது மிதிக்கிற பலகை முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. ஆகவே ரைசருக்குப் படிநெற்றியைக் கொடுத்துவிடுவோம். ரைசர் பலகையே இல்லாத இரும்புப் படிகளை 'நெற்றியில்லாப் படி' என்று சொல்லிவிடலாம். மிதிக்கிற பலகையான டிரெட்டுக்கு (tread) 'மிதி' என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

நோசிங்குக்கு 'விளிம்பு' போதுமே என்று ஹட்டன் அக்கா கேட்டிருந்தார். போதாது. தேயிலைத் தொழிற்சாலைப் பயிற்சிக் கையேடு ஒன்றுக்காக அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் (OSHA) விதிகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். (நம் இலங்கைச் சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அது வேறு அத்தியாயத்தில் வருகிறது.) ஓஷா கணக்கில் சாதாரணப் படிக்கட்டு ஒன்றின் சாய்வு 30 முதல் 50 பாகைக்குள் இருக்க வேண்டும். படிநெற்றியின் உயரம் 24 சென்டிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, மிதி முன்பின்னாக 24 சென்டிமீற்றருக்குக் குறையக்கூடாது. கைபிடிக் கம்பியின் உயரம் 76 முதல் 97 சென்டிமீற்றர். அந்த உயரத்தை மிதியின் முன்னோரத்திலிருந்து அளக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். 'விளிம்பிலிருந்து' என்று எழுதினால், மிதியின் பின்பக்கம் நெற்றியைத் தொடும் இடமும் விளிம்புதானே என்று ஒருவர் அங்கே நாடாவை வைப்பார். கம்பி படியோடு சேர்ந்து சாய்ந்து ஏறுவதால், பின்பக்கத்தில் அளந்தால் கிட்டத்தட்ட ஒரு படி உயரம் கூடுதலாகக் காட்டும். 70 சென்டிமீற்றர் கம்பி 90 என்று வந்து 'பாஸ்' ஆகிவிடும்!

அதனால் என் பரிந்துரை 'படிமூக்கு'. ஆங்கிலத்தைப் பார்த்துக் காப்பியடித்தது என்பீர்கள். கெண்டிக்கும் மூக்கு இருக்கிறதே.

--

தம்பி,

விளிம்பை விட்டுவிடுவோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெற்றிக்கு மேலே மூக்கு இருக்கும் முகத்தை எங்கே பார்த்தீர்கள்? இரண்டையும் ஒரே படத்தில் குறித்தால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். 'படிமுனை' என்று வைத்தால் என்ன?

--

ஐயா,

நெற்றி, மூக்கு விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் முனை என்றதும் எனக்கு மூலைதான் கண்ணில் வருகிறது.

இன்று காலை கொழுந்து வாட்டும் மாடிக்குப் போயிருந்தேன். பழைய கட்டடம், மரப்படி, நல்ல செங்குத்து. இரவெல்லாம் மழை. ஈரச் செருப்போடு ஏறி ஏறிப் படி முழுக்க வழவழப்பு. மேலே இருந்து வெறும் சாக்குகளோடு இறங்கி வந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எங்கே வழுக்குகிறது என்று கேட்டேன், சொல் எதையும் நான் எடுத்துக்கொடுக்கவில்லை. "நடுவுல வச்சா ஒன்னுமில்ல தம்பி, நுனியில கால வச்சாத்தான் இழுத்துட்டுப் போகுது" என்றார். அப்புறம் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டேன். ஒருவர் 'நுனி', ஒருவர் 'ஓரம்'. மூக்கு, முனை யார் வாயிலும் வரவில்லை. ஓரத்தில் விளிம்பின் அதே குழப்பம் இருக்கிறது.

ஆகவே 'படிநுனி'. மாற்றி 'நுனிப்படி' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், அது கடைசிப் படியைக் குறிப்பதுபோல் ஆகிவிடும். கையேட்டில் இப்போது இப்படி இருக்கிறது: "கைபிடியின் உயரத்தைப் படிநுனியிலிருந்து நேர்மேலாக அளக்கவும்." இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

ஒரே படிக்கட்டுத் தொடரில் படிநெற்றிகள் எல்லாம் ஒரே உயரமாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு எந்தக் கலைச்சொல்லும் தேவைப்படவில்லை. அந்தப் படிக்கட்டின் அடிப்படியில் யாரோ சீமெந்து பூசி உயர்த்தியிருக்கிறார்கள். இறங்கும்போது கடைசி அடியில் நானே தடுமாறினேன்.

அடுத்து லேண்டிங் (landing), அதாவது படிக்கட்டின் இடையில் வரும் சமதளம். 'இளைப்பாறு தளம்' என்று வந்திருக்கும் யோசனைக்கு நான் எதிர்ப்பு. சாக்கோடு போகிறவர் அங்கே நின்று இளைப்பாறினால் பின்னால் வருகிறவர் எங்கே போவார்?